சபையார் பாடும்படி பாட்டுகளைத் தெரிந்தெடுத்தல்

ஆராதனைக்கான பாட்டுகளைக் குறிக்குமுன் அன்றைய வேதபாடத்தையும் பிரசங்கப் பொருளையும் வாசித்துவிட்டு, ஒவ்வொரு பாட்டும் துதியா, பாவ அறிக்கையா, விண்ணப்பமா என்று பார்த்து அதற்குரிய இடத்தில் வையுங்கள். கொலோசெயர் 3:16 பாட்டின் வழியே ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லும்படி கூறுவதால், மெட்டைவிட வரிகளின் பொருளுக்கே முதலிடம் தர வேண்டும்.

புதிய பாட்டின் மெட்டு சபைக்குப் பழக்கமில்லையெனில், 8.6.8.6 (நான்கு வரிகளில் முறையே 8, 6, 8, 6 அசைகள்) போன்ற அதன் அசையளவைக் கண்டு, அதே அளவுள்ள பழகிய மெட்டொன்றில் பாடலாம். ஆயினும் சொல்லழுத்தம் பொருந்துகிறதா என்று முன்னதாக வாய்விட்டுப் பாடிப் பார்ப்பது அவசியம். சுருதியைப் பாடகர் குழுவின் வசதிக்காக உயர்த்தாதீர்கள்: பல்லவியின் உச்சத்தில் பின்வரிசையார் மௌனமாகிவிட்டால், அடுத்த முறை சுருதியைச் சற்று இறக்குங்கள். ஆர்கன் வாசிப்பவர் சரணங்களுக்கிடையே சபையார் மூச்செடுக்க இடம் விட வேண்டும் (ஒலிபெருக்கியைத் தணிப்பதே பாதி வேலை என்பேன்). கடைசிச் சரணத்தில் வாத்தியங்களை நிறுத்தியும் பாடலாம்.