கிறிஸ்தவ சபையில் ஒருவரோடு பேச்சு நின்றுபோனால் மறுபடி தொடங்குவது எப்படி

கோலாலம்பூரில் என்றால் மனஸ்தாபம் வந்ததும் வேறு சபைக்குப் போய்விடலாம். சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் அது நடக்காது. சண்டை போட்டவரையே பாசாரில் பார்க்க வேண்டும், கல்யாணத்தில் பக்கத்து மேசையில் உட்கார வேண்டும். பாதிப் பேர் மாமன் மச்சான் முறை வேறு. போதகர் மாற்றலாகிப் போவார்; சண்டை ஊரிலேயே இருக்கும்.

சண்டையைத் தீர்க்க வேதாகமத்தில் மத்தேயு 18:15-17 சொல்லும் வரிசை எளிது. முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில் சபையிடம். நம்மிடம் இது தலைகீழாக நடக்கிறது. வாட்ஸ்ஆப் குரூப்பில் தொடங்கி, பெண்கள் சங்கத்தைச் சுற்றி, கடைசியில்தான் சம்பந்தப்பட்டவர் காதுக்குப் போகிறது. அதற்குள் நாலு வாயில் கதை மாறிவிடும், அவருக்குத் தன் மானத்தைக் காப்பதே பெரிய வேலையாகிவிடும். ஆகவே நேரில் பேசும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள். "ஜெபிக்கத்தான் சொல்றேன்" என்று சொன்னாலும் அது புறணிதான்.

அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு என்றால், அதற்குமுன் ஒப்புரவாக இரண்டு வாரம் முன்பே பேச்சைத் தொடங்குங்கள். ஒரு சந்திப்பில் முடியாத விஷயங்கள் உண்டு. சிலர் அன்று பந்திக்குப் போகாமல் உட்கார்ந்தே இருந்துவிட்டு, அதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மத்தேயு 5:23-24 காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகி, பிறகு திரும்பி வரச் சொல்கிறது. போவதை விட்டுவிட்டால் ஒதுங்கியிருப்பதில் பயன் இல்லை.

போவதற்கு முன் அரைத்தாளில் எழுதுங்கள்: என்ன நடந்தது, எப்போது, உங்களுக்கு என்ன வேண்டும். "அறுப்பின் பண்டிகைச் சமையலுக்குக் கொடுத்த 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) கணக்கு கேட்டேன்; எல்லார் முன்னாலும் ஏசினார்." இவ்வளவு போதும். "அவர் எப்பவுமே இப்படித்தான்" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அந்த வரிதான் அங்கே போய் வெடிக்கும்.

மெசேஜ் வேண்டாம், போன் போட்டு நேரம் கேளுங்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவர் விடியற்காலையில் போனவர், மத்தியானம் அசந்து தூங்குவார். ஃபேக்டரிக்காரருக்கு ஷிஃப்ட் இருக்கும். ஆராதனை முடிந்து ஹாலில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போது பேச்சை எடுக்கவே கூடாது. தனியாகப் போங்கள். மைலோ கலக்கிக் கொடுத்தால் குடியுங்கள். வேண்டாம் என்றால் சண்டை இன்னும் முடியவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

"அண்ணே, அன்னிக்குக் கமிட்டியில நீங்க சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சிருச்சு. பேசித் தீர்க்கத்தான் வந்தேன்." சொன்னபின் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். உங்கள் பக்கத்துத் தப்பை இன்னது என்று சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள். "ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சிருங்க" என்பது மன்னிப்பு இல்லை, தப்பே நடக்கவில்லை என்று சொல்லாமல் சொல்வது. கடைசியில் ஜெபிக்கலாம். ஆனால் "ஆண்டவரே, இவருடைய மனக்கண்ணைத் திறந்தருளும்" என்று ஆரம்பித்தால் அது கண்ணை மூடிக்கொண்டு போடும் இரண்டாவது சண்டை.

அவர் கேட்கவில்லையா? ஒன்றிரண்டு பேரை அழைத்துப் போங்கள். உங்கள் மச்சினனைக் கூட்டிப் போகாதீர்கள். இருவரில் யாரிடமாவது கடன் பட்டவரும் ஆகாது. அவர்கள் வருவது சாட்சியாக, உங்கள் வக்கீலாக அல்ல. அதற்கும் பிறகுதான் போதகரும் கமிட்டியும். பிரசங்க மேடை இதற்கு இடமில்லை. எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சாவு வீட்டுக்குப் போய்விடுங்கள். கேதத்துக்கு வராததை மட்டும் இரண்டு தலைமுறைக்கு மறக்க மாட்டார்கள்.

பணச் சண்டையில் மன்னிப்பும் கடனும் வேறு வேறு. மன்னித்தாலும் பாக்கியை எழுதி, மாதம் எவ்வளவு என்று பேசி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கூட்டுச் சீட்டு நடத்துவதை மலேசியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சபைக்குள் கூட்டு பிடிக்க விடாமல் இருப்பதே பாதிச் சமாதானம். 1 கொரிந்தியர் 6 விசுவாசிகளுக்குள் வழக்கு வேண்டாம் என்கிறது. எல்லா வழியும் அடைபட்டால், 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாத சிறுகோரிக்கை வழி உண்டு. காணிக்கையைக் கையாடினவரை மன்னிக்கலாம். பொருளாளர் பொறுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. யார் பொறுப்பில் இருந்தாலும் காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணட்டும்.

வீட்டில் அடி, பிள்ளைகள்மேல் கை வைப்பது, இவை இந்த வழிமுறைக்குள் வராது. அடிபட்டவரைத் தனியாகப் போய்ப் பேசச் சொல்வது ஆபத்து. உடனடி ஆபத்துக்கு 999, உதவிக்கு அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே (Talian Kasih) 15999. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சபை மூப்பர்களும் அதில் அடக்கம்.

சமாதானமானபின் ஒரு வேலை பாக்கி. சண்டையின்போது யார் யாரிடம் சொன்னீர்களோ, அவர்கள் ஒவ்வொருவரிடமும் தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கைகுலுக்கி மாதங்கள் ஆனபின்னும் உங்கள் அக்கா அவர் பெஞ்சுப் பக்கம் திரும்ப மாட்டார்.