மாரிக்கு நிறுத்திவைக்கும் மோட்டார் சைக்கிளும் பற்றரியும்: நாம் விடும் பிழைகள்

மட்டக்களப்பில் மாரி கார்த்திகையில் பிடித்தால் தை வரைக்கும் விடாது. படுவான்கரையில் வயல் பாதைகள் தண்ணீருக்குள் போய்விடும். பைக்கை விறாந்தையில் ஏற்றி, ஒரு படங்கைப் போட்டு மூடிவிட்டு பஸ்ஸில் போய்வருவோம். பொங்கலுக்கு வெளியே எடுத்து செல்ஃபை அமத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மழைக் குளிர் பற்றரியைக் கொன்றுவிட்டது என்போம். அது குளிரின் வேலை இல்லை. சார்ஜ் குறைந்தபடியே கிடந்ததுதான் காரணம்.

இது ஏன் என்று கொஞ்சம் பார்ப்போம். பைக்கில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி. உள்ளே ஆறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள், சுற்றிலும் சல்பூரிக் அமிலம். சார்ஜ் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேற்று படியும். உடனே திரும்ப ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கல்லுப்போல இறுகிவிடும். அப்புறம் எத்தனை மணித்தியாலம் சார்ஜ் போட்டாலும் அந்தப் பகுதி தகடு திரும்பி வராது. மல்டிமீற்றரில் 12.6க்கு மேல் காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.4க்குக் கீழே போனால் ஏற்ற வேண்டிய நேரம். 12.0 என்றால் ஏறக்குறைய வெறும் பற்றரி. சார்ஜரைக் கழற்றிய கையோடு அளக்கக் கூடாது, சில மணித்தியாலம் ஆறவிட்டு அளந்தால்தான் உண்மையான கணக்கு வரும்.

சுவிஸில் இருக்கும் என் மருமகன் போன மார்கழியில் கேட்டான். "மாமா, இங்க எல்லாரும் பற்றரியக் கழட்டி வீட்டுக்குள்ள சூட்டுல வைக்கிறாங்க. நீங்களும் அப்படியா?" அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். நிறைந்த பற்றரி உறைவதற்குப் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகைக்கும் மேல் இறங்க வேண்டும். அவன் ஊரின் பனி அதற்கு ஒன்றுமே செய்யாது. வெறும் பற்றரியோ பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையை ஒட்டியே உறைந்து, பெட்டி வெடித்துப்போகும். உறைந்ததைச் சார்ஜில் போடவே கூடாது. அதனால் அவனுக்கு முக்கியம் சூடான அறை இல்லை, நிறைந்த சார்ஜ். அவன் பைக்கில் லித்தியம் பற்றரி இருந்தால் கதை வேறு: அதைப் பூச்சியத்துக்குக் கீழான குளிரில் சார்ஜ் பண்ணக் கூடாது, அதற்கென்று வரும் சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

எங்களுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சும்மா கிடக்கும் பற்றரி தானாகவே சார்ஜை இழக்கும், 10 பாகை சூடு கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எங்கள் மாரியிலும் பகலில் 27, 28 பாகை இருக்கும். ஆக, பனி நாட்டுக் கராச்சில் கிடக்கும் பற்றரியை விட எங்கள் விறாந்தையில் கிடப்பதுதான் சீக்கிரம் காலியாகிறது. பனி நாட்டில் சூடான இடத்தில் வை என்று சொல்வதைக் கேட்டு இங்கே தகரக் கூரைக்குக் கீழே பரணில் ஏற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வீட்டிலே நிழலான, காற்றோட்டமான, ஈரமில்லாத இடமே போதும். சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மரப்பெட்டியிலும் கடின ரப்பர்ப் பெட்டியிலும் பற்றரி வந்த காலத்துப் பேச்சு அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒன்றும் செய்யாது. ஆனாலும் மேசைமேல் வையுங்கள். தரையில் இருப்பது வெள்ளத்துக்கும் எட்டும், பிள்ளைகளின் கைக்கும் எட்டும்.

இனி, அதிகம் பேர் விடும் பிழை: திறப்பை எடுத்துவிட்டால் எல்லாம் நின்றுவிட்டது என்று நினைப்பது. மீற்றரில் மணிக்கூடு ஓடும். திருட்டுக்குப் பயந்து பூட்டிய அலாரம் விழித்திருக்கும். இவை இழுப்பது 10 மில்லி அம்பியர் என்றால் ஒன்றுமே இல்லை போலத் தெரியும். நாளொன்றுக்கு அது 0.24 அம்பியர் மணி (பற்றரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). 5 அம்பியர் மணிப் பற்றரி மூன்று வாரத்தில் முழுதாய்க் காலி. 2022இல் பெற்றோல் இல்லாமல் என் பைக் இரண்டு மாதம் நின்றது. வயரைக் கழற்றாமல் விட்டேன். அலாரம் அதை அப்படியே குடித்து முடித்தது. பிறகு இரவு முழுக்கச் சார்ஜ் போட்டும் காலையில் மல்டிமீற்றர் 11.2க்கு மேல் ஏறவில்லை. அந்த நாட்களில் வயிற்றுப்பாடே பெரும்பாடாக இருந்தபோது புதுப் பற்றரிக்குக் காசு தேடியதை இன்னும் மறக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் வயரைக் கழற்றுங்கள், பத்து நிமிஷ வேலை.

கழற்றும்போது கறுப்பு வயர், அதாவது மறைமுனை, முதலில். பைக்கின் சட்டம் முழுவதும் மறைமுனையோடு தொடுப்பில் இருக்கிறது. சிவப்பை முதலில் தளர்த்தப் போய் ஸ்பானர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும், ஸ்பானரே பழுக்கக் காயும். திரும்பப் பூட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில்.

கிழமைக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிஷம் ஓடவிடுகிறேன், போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. போதாது. சும்மா நின்று உறுமும் வேகத்தில் பற்றரிக்கு வரும் சார்ஜ் சொற்பம். ஹெட்லைற் எரிந்துகொண்டிருந்தால் இன்னும் குறைவு. ஸ்டார்ட் பண்ணச் செலவானது கூடத் திரும்பாமல் போகலாம். என்ஜின் நன்றாகச் சூடாகாததால் உள்ளே ஈரம் தங்கி எண்ணெயையும் கெடுக்கும். மழை விட்ட ஒரு நாளில் அரை மணித்தியாலம் ஓட்டுங்கள், அல்லது மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

சார்ஜர் விஷயத்தில்தான் நான் கண்ட கவலையான சம்பவம். பக்கத்து வீட்டுத் தம்பி வான் பற்றரிக்கு வைத்திருந்த பழைய சார்ஜரை பைக் பற்றரியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். காலையில் போய்ப் பார்த்தேன். பெட்டியின் இரு பக்கமும் ஊதிப் பானைபோல வெளியே தள்ளியிருந்தது. முட்டை அழுகிய நாற்றம். மேசை விரிப்பில் அமிலம் பட்ட இடமெல்லாம் ஓட்டை. வான் சார்ஜர் 5, 10 அம்பியர் தள்ளும். பைக் பற்றரிக்கு அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குதான் சரி: 5 அம்பியர் மணி என்றால் 0.5 அம்பியர். நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சின்னச் சார்ஜர் ஒன்று வாங்கினால் அது மூன்று பற்றரியின் ஆயுளைக் காப்பாற்றும்.

அன்று அந்த அறையில் நுளம்புத்திரி எரிந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். மழைக்கு யன்னலெல்லாம் பூட்டிய அறை, சாமி விளக்கு, நுளம்புத்திரி, காஸ் அடுப்பு, சிகரெட், இவற்றுக்குப் பக்கத்தில் சார்ஜ் வேண்டவே வேண்டாம். விறாந்தையில் மழைச்சாரல் படாத மூலை போதும். சார்ஜரின் கவ்விகளை மாட்டும்போதும் எடுக்கும்போதும் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

மூடி திறக்கும் வகைப் பற்றரி வைத்திருப்பவர்களுக்கு: கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எங்கள் கிணறுகளில் உப்பு கரைந்திருக்கிறது. அது தகட்டை அரிக்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும், அதுவும் மேல் கோட்டைத் தாண்டாமல். அமிலத்தைச் சேர்ப்பது இன்னொரு பிழை. குறைவது தண்ணீர்தான், அமிலம் அப்படியே உள்ளே இருக்கிறது. கல்லடி, நாவலடி, திருக்கோவில் என்று கடற்காற்று வீசும் இடங்களில் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள், மூடி திறக்கும் வகை என்றால் சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. ஈரம் காய்ந்ததும் வாசலின் பூசிவிடுங்கள். இரு முனைக்கும் நடுவே படிந்த ஈரத் தூசியும் சார்ஜைக் கசியவிடும், அதையும் துடைக்க வேண்டும். கையுறை அவசியம். அமிலம் கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய பைக்கில் அவசரப்பட்டுத் திறப்பைப் போடாதீர்கள். 2011 தை வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீர் வடிந்த கையோடு செல்ஃபை அமத்தி வயரிங்கையே எரித்தவர்களைப் பார்த்தேன். முதலில் பற்றரியைக் கழற்றி, நல்ல தண்ணீரால் வெளிப்புறத்தைக் கழுவி, காயவைத்து அளந்து பாருங்கள். மூடி திறக்கும் பற்றரிக்குள் வெள்ளத் தண்ணீர் போயிருந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான்.

செத்த பற்றரியை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் புகையிலும் தூசியிலும் ஈயம் இருக்கிறது. அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். முற்றத்து மண்ணில் விழுந்தால் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும், கோழி கிளறும், குழந்தை தவழும். வாவியிலும் எறிய வேண்டாம். பற்றரிக் கடையில் பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் ஒரு தொகை கழிப்பார்கள். சாய்க்காமல், நிமிர்த்தி வைத்து, ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியில் கொண்டுபோங்கள்.