தவளைக்கு அடிபட்டால் மஞ்சள் டப்பாவைத் தொடாதீர்கள்

வளர்க்கும் தவளைக்குக் காயம் என்றதும் பலருடைய கை மருந்துப் பெட்டிக்குத்தான் போகிறது. அங்கேதான் கேடு தொடங்குகிறது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். மேலே எதைத் தடவினாலும் உடம்புக்குள் இறங்கிவிடும். டெட்டால், மஞ்சள், கோடாலித் தைலம், வலிநிவாரணி கலந்த களிம்பு எதுவும் வேண்டாம். பாட்டி வைத்தியமெல்லாம் பேரப்பிள்ளைகளோடு நிற்கட்டும்.

சரி, குழாய்த் தண்ணீரில் கழுவலாமா? அதுவும் கூடாது. சிங்கப்பூரின் தண்ணீர் வாரியமான பியுபி தரும் தண்ணீரில் குளோராமின் என்ற கிருமிநாசினி இருக்கிறது. குளோரின் என்றால் இரவு முழுக்க வாளியில் பிடித்துவைத்தால் போய்விடும், இது அப்படிப் போகும் சரக்கல்ல. மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தை வாங்குங்கள். குளோராமினையும் நீக்கும் என்று புட்டியில் போட்டிருக்க வேண்டும். அது கலந்த தண்ணீரில் நனைத்த, பவுடர் இல்லாத கையுறையோடு தூக்குங்கள். கையில் மிச்சமிருக்கும் சோப்பும் சானிடைசரும்கூட தவளைக்கு ஆகாது.

கால் ஒடிந்திருந்தால் குச்சி வைத்துக் கட்டாதீர்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள், ஈரமாக வைத்திருந்தால் போதும். தொட்டியில் உயிரோடிருக்கும் வெட்டுக்கிளிகளை உடனே எடுத்துவிடுங்கள். அசையாமல் கிடக்கும் தவளையை அவை கடிக்கும்.

அப்புறம், பயணம். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணிக்கு இடமில்லை, டாக்சிதான். தண்ணீர் நிரப்பிய டப்பாவில் கொண்டுபோகாதீர்கள், சோர்ந்த தவளை மூழ்கிவிடும். ஈரமான, வாசனையில்லாத டிஷ்யூ விரித்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பா போதும்.

பக்கத்து புளோக்கிலேயே கால்நடை மருந்தகம் இருக்கிறதே என்று நேரே போய் நிற்பதும் வீண் அலைச்சல். நாய், பூனை மட்டும் பார்ப்பவர்கள் நிறைய. "தவளை பார்ப்பீர்களா?" என்று முன்கூட்டியே கேட்டு, இரவில் திறந்திருக்கும் இடத்தின் எண்ணையும் குறித்துவையுங்கள். அடிபட்ட பிறகு தேட உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.

மருத்துவரிடம் காயத்தை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். என்ன தீனி, கால்சியம் தூள் தூவுகிறீர்களா, தொட்டியில் எவ்வளவு சூடு, எல்லாவற்றையும் சொல்லுங்கள். சின்னத் தாவலில் கால் ஒடிந்தது என்றால் எலும்பே நலிந்திருக்கலாம். தீனியை மாற்றாவிட்டால் அடுத்த காலும் ஒடியும்.

பிழைக்காது என்று நினைத்துப் பூங்காவிலோ குளத்திலோ விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம். வலியில்லாமல் முடித்துவைக்க மருத்துவரிடம் வழி உண்டு, தயங்காமல் கேளுங்கள்.