மைன்கிராஃப்ட்: கைக்கு வந்த பொருளை இழக்க வைக்கும் தவறுகள்

மைன்கிராஃப்ட் விளையாட்டில் பாலைவனக் கோயிலை ஒட்டி மணலுக்குள் புதைந்து கிடக்கும் அறையை முதன்முதலில் கண்டபோது நான் மண்வெட்டியை எடுத்தேன். சில நொடிகளில் அறை சுத்தமாகிவிட்டது. அங்கே இருந்த பானை ஓடுகளும் சுவடில்லாமல் போய்விட்டன. அந்த மணலில் சில பிளாக்குகள் (கனசதுரக் கட்டிகள்) மட்டும் சற்றே வேறு நிறமும் புள்ளிகளும் கொண்டவை. அவற்றைத் தோண்டினால் எதுவும் கிடைக்காது. பிரஷால் சில நொடிகள் விடாமல் துடைத்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். அடியில் இருக்கும் பிளாக்கை எடுத்தாலும் ஆபத்துதான். மணல் கீழே விழுந்து உடைந்துவிடும். பிரஷ் செய்ய ஓர் இறகு, ஒரு செம்புக் கட்டி, ஒரு குச்சி போதும். இவ்வளவு மலிவான கருவி கையில் இல்லாததால் அந்த அறையை இழந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

கோதுமையும் மரமும் வெட்ட வெட்ட வளரும். வைரம், பானை ஓடு, நெதர் என்ற பாதாள உலகின் பழங்கால உலோகம் ஆகியவை எடுத்த இடத்தில் மறுபடி முளைப்பதில்லை. இந்த இரண்டு வகையையும் ஒரே வேகத்தில் கையாள்வதிலிருந்துதான் பெரும்பாலான இழப்புகள் தொடங்குகின்றன.

என்னிடம் கேட்டால், மிகவும் வலிக்கும் தவறு டெம்ப்ளேட்டில் நடப்பது. 2023 ஜூனில் வந்த 1.20 பதிப்பு முதல், வைரக் கவசத்தை அதைவிட வலுவான நெதரைட்டாக மாற்ற மேம்பாட்டு டெம்ப்ளேட் ஒன்று வேண்டும். அது நெதரில் உள்ள பாஸ்டியன் என்ற கோட்டை இடிபாடுகளின் பெட்டிகளில் கிடைக்கும். ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும். இது தெரியாமல், கிடைத்த ஒன்றை அன்றே வாளுக்குப் போட்டுவிட்டு, கவசத்துக்காக மறுபடி பாஸ்டியன் பாஸ்டியனாக அலைகிறார்கள். டெம்ப்ளேட்டை நகல் எடுக்கலாம்: அந்த டெம்ப்ளேட், ஒரு நெதர்ராக் (நெதரின் சாதாரணக் கல்), 7 வைரம் சேர்த்தால் இரண்டாகத் திரும்பி வரும். ஆகவே முதல் வேலை நகல் எடுப்பது. கவசம் நான்கு, வாள், பிக்காக்ஸ் (கல்லும் தாதுவும் வெட்டும் கருவி) என்று ஆறு பொருள்களை மாற்ற வேண்டுமானால் ஐந்து நகல்கள், அதாவது 35 வைரங்கள். அடுத்த தேவைக்கு ஒன்றைக் கையிருப்பில் வைக்க 42. ஒரு பொருளுக்கு ஒரு நெதரைட் கட்டி வேண்டும்; கட்டி ஒவ்வொன்றுக்கும், பழங்கால உலோகத்தை உருக்கிக் கிடைக்கும் நான்கு துண்டுகளும் நான்கு தங்கக் கட்டிகளும் போவதால், இந்த ஆறுக்கு 24 பழங்கால உலோகமும் 24 தங்கமும் தேவை. கவசத்தில் அலங்காரக் கோடுகள் போடும் டெம்ப்ளேட்டுகளும் இப்படித்தான் தீரும். அவற்றை நகலெடுக்க ஏழு வைரத்தோடு சேரும் பொருள் மட்டும் வகைக்கு வகை மாறும்.

இந்தக் கணக்கு தெரிந்தால், வைரத்தைக் கண்டவுடன் வெட்டுவது ஏன் தவறு என்பது புரியும். சாதாரண இரும்பு பிக்காக்ஸால் வெட்டினால் ஒரு தாதுவுக்கு ஒரு வைரம். கூடுதல் விளைச்சல் தரும் ஃபார்ச்சூன் மூன்றாம் நிலை மந்திரம் ஏற்றிய பிக்காக்ஸால் வெட்டினால் சராசரியாக 2.2. அந்த 35 வைரங்கள் பதினாறு தாதுகளிலேயே கிடைத்துவிடலாம். முதல் வைர பிக்காக்ஸுக்கும் மந்திர மேசைக்கும் தேவையானதை மட்டும் வெட்டிக்கொண்டு, மற்ற தாதுகளின் இடத்தைக் குறித்து வைத்துவிட்டுத் திரும்புங்கள். அவை ஓடிப்போகாது. பழங்கால உலோகத்துக்கு ஃபார்ச்சூன் வேலை செய்யாது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் அதை வைர பிக்காக்ஸாலோ நெதரைட் பிக்காக்ஸாலோ வெட்டினால்தான் கையில் வரும். வேறெதில் அடித்தாலும் உடைந்து மறையும். உயரத்தைக் காட்டும் Y எண்ணில் 11ஆம் மட்டத்தில் தோண்டச் சொல்லும் பழைய குறிப்புகளையும் விட்டுவிடுங்கள். 2021 நவம்பரில் வந்த 1.18 முதல் ஆழம் கூடக் கூட வைரம் பெருகுகிறது. -59ஐ ஒட்டித் தோண்டுவதே நல்லது.

பொருள்களைப் பழுது பார்க்கவும் மந்திரப் புத்தகங்களை ஏற்றவும் பயன்படும் ஆன்வில் (பட்டறைக்கல்) இன்னொரு குழி. ஒரு பொருள் ஆன்விலில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அடுத்த வேலைக்கான கூடுதல் கட்டணம் (அனுபவ நிலைகளில்) 1, 3, 7, 15, 31 என்று ஏறுகிறது. மொத்தக் கட்டணம் 40ஐத் தொட்டால் விளையாட்டு மறுத்துவிடும். நான்கு மந்திரப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வாளில் ஏற்றினால், வாளின் மேல் நிற்கும் கூடுதல் கட்டணம் 15. புத்தகங்களை முதலில் இரண்டிரண்டாகச் சேர்த்து, அந்த இரண்டையும் ஒன்றாக்கி, ஒரே தடவையில் ஏற்றினால் 7. பழுது பார்ப்பதும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால் அனுபவப் புள்ளிகளால் பொருளைத் தானே பழுது பார்க்கும் மெண்டிங் மந்திரத்தை ஆரம்பத்திலேயே ஏற்றிவிடுவது நல்லது.

இறந்தபோது சிதறிய பொருள்கள் ஐந்து நிமிடத்தில் மறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஐந்து நிமிடம், பொருள் கிடக்கும் பகுதி இயங்கும் நேரத்தை மட்டுமே கணக்கில் கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. வெகு தூரத்தில் மறுபிறவி எடுத்திருந்தால் அங்கே கடிகாரம் நின்றிருக்கும். நீங்கள் நெருங்கிய பிறகே மறுபடி ஓடும். அதனால் பதறி வெறுங்கையோடு ஓடி, அதே இடத்தில் இரண்டாம் முறை சாகாதீர்கள். கொஞ்சம் உணவும் கேடயமும் எடுத்துக்கொண்டு போங்கள். எரிகுழம்பில் விழுந்தால் கதை வேறு: வைரப் பொருள்கள் எரிந்துவிடும், நெதரைட் எரியாது. அரிய பொருளோடு நெதரில் நடப்பவர் எண்டர் பெட்டி ஒன்றைக் கூட வைத்திருக்க வேண்டும். அதற்குள் வைத்ததை வேறெந்த எண்டர் பெட்டியிலும் திறந்து எடுக்கலாம் என்பதால் சாவிலும் தொலையாது. பெட்டியைத் திரும்ப எடுக்க, பிளாக்கை உடையாமல் தரும் சில்க் டச் மந்திரம் ஏற்றிய பிக்காக்ஸ் வேண்டும்; இல்லாவிட்டால் எட்டு அப்சிடியன் மட்டுமே மிஞ்சும். அப்போதும் உள்ளே இருப்பவை பத்திரமாகவே இருக்கும்.

எதையும் தொடாமல் பூட்டி வைப்பதும் தவறுதான். பானை ஓடுகளை வீணாக்கிவிடுவோம் என்று அஞ்சிப் பெட்டிக்குள் அடைக்கிறார்கள். நான்கு ஓடு சேர்த்துச் செய்த பானையை வாளாலோ பிக்காக்ஸாலோ உடைத்தால் ஓடுகள் அப்படியே திரும்பக் கிடைக்கும். வெறுங்கையால் எடுத்தால் பானை முழுசாக வரும். தயங்காமல் செய்து வீட்டில் வையுங்கள்.

டிராகன் முட்டை மட்டும் உண்மையிலேயே ஒன்றே ஒன்று. எண்ட் என்ற உலகில் முதல் டிராகன் இறக்கும்போது தோன்றும். அடுத்தடுத்து வரவழைக்கும் டிராகன்கள் முட்டை விடுவதில்லை. ஆசையில் அதைத் தட்டினால் வேறிடத்துக்குத் தாவிவிடும். கீழே உள்ள போர்ட்டலுக்குள் (வெளியேறும் வாசலுக்குள்) விழுந்தால் எண்ட் உலகத்தை விட்டே போய்விடும். பக்கத்தில் ஒரு பிளாக் வைத்து அதன்மேல் பிஸ்டனை (எதிரே இருப்பதைத் தள்ளும் கருவியை) முட்டையைப் பார்த்தபடி வைத்து, அதை இயக்க ஒரு நெம்புகோலைப் பொருத்துங்கள். நெம்புகோலை இழுத்ததும் முட்டை எடுக்கக்கூடிய பொருளாகக் கீழே உதிரும். அது போர்ட்டலுக்குள் விழாதபடி, நெம்புகோலைத் தொடுவதற்கு முன்பே கீழே பிளாக்குகளால் ஒரு தளம் போட்டுக்கொள்ளுங்கள்.