தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு வீட்டில் உடற்பயிற்சி: தோளிலிருந்து தொடங்குங்கள்

என் அண்ணன் தென்னையிலிருந்து விழுந்தவர். எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிறது. பார்க்க வந்த எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், "கால் வந்துடுமா?" நாங்களும் அதே நினைப்பில் மாதக்கணக்கில் காலையே நீவிக்கொண்டிருந்தோம், தோளை யாருமே கவனிக்கவில்லை. வீல்சேரைத் தள்ளுவது, கட்டிலுக்கு மாறுவது, கழிவறைக்குப் போவது என்று இனி எல்லாச் சுமையும் அந்த இரண்டு தோளுக்குத்தான். அது போனால் மறுபடி படுக்கைதான்.

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து அடி எந்த மட்டத்தில் என்று பாருங்கள். டி-6 (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது) அல்லது அதற்கு மேலே என்றால் ஒரு ஆபத்தை வீட்டில் எல்லாருமே தெரிந்து வைத்திருக்க வேண்டும். திடீரென்று மண்டை இடிப்பதுபோல் தலைவலி, முகம் சிவப்பது, அடிபட்ட இடத்துக்கு மேலே வியர்த்துக் கொட்டுவது, இப்படி வந்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்காரவைத்து இறுக்கமான உடை, பெல்ட்டைத் தளர்த்துங்கள். யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா, மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவே வழக்கமாக 90, 100 என்று இருக்கும், அதனால் 130, 140 என்று காட்டினாலும் "நார்மல்தானே" என்று விட்டுவிடக் கூடாது. குறையவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. பயிற்சிக்கு முன்னால் மூத்திரப்பையைக் காலி செய்துகொள்வதும் இதனால்தான்.

சரி, தோளுக்கு வருவோம். நாற்காலி தள்ளுவதில் நெஞ்சும் முன்தோளும் தானாகவே உழைக்கின்றன, முதுகுப்பக்கத் தசைகளுக்கு வேலை ரொம்பக் குறைவு. அதனால் பயிற்சியில் தள்ளுவதைவிட இழுப்பது அதிகம் இருக்க வேண்டும். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேட்டு வாங்கி, ஜன்னல் கம்பியில் மாட்டி, வீல்சேரின் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, இரண்டு தோள்பட்டை எலும்பும் முதுகில் நெருங்கி வருகிற மாதிரி மெதுவாக இழுத்து மெதுவாக விட வேண்டும். அப்புறம் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்புவது, தோள் மூட்டைத் தாங்குகிற சின்னத் தசைகளுக்கு அதுதான் மருந்து. பத்துப் பத்தாக 3 சுற்று, வாரம் 2 நாள் செய்தால் போதும். பிடி இல்லாதவர்களுக்குத் துண்டால் கையை டியூபோடு சேர்த்துக் கட்டிவிடலாம். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், வலியோடு இழுப்பது வீரம் இல்லை.

மூச்சு வாங்குகிற பயிற்சியும் வேண்டும். 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் வாரம் 2 முறை 20 நிமிடமாவது என்கிறது, இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது வேண்டுமானால் வாரம் 3 முறை 30 நிமிடம். எங்களுக்கு நெல் காயப்போடும் சிமெண்ட் களம்தான் மைதானம். அறுவடை நேரம் தவிர மற்ற நாளில் காலியாகத்தான் கிடக்கும், அதைச் சுற்றிச் சுற்றித் தள்ளுவார். சக்கரத்தைக் குட்டிக் குட்டியாகத் தட்டாமல் நீளமாகத் தள்ளிவிட்டு, கையைக் கீழே தொங்கவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் தோளுக்குப் பாதிச் சுமை குறைந்த மாதிரி இருக்கிறது என்பார் அண்ணன்.

ஆனால் வெயில்! அடிபட்ட மட்டத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சூட்டை வெளியே விட வழி குறைவு. சித்திரை, வைகாசியில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். கழுத்தில் ஈரத்துண்டு போட்டு, முகத்திலும் கையிலும் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். உணர்வு இல்லாத காலுக்குச் சூடும் தெரியாது. அன்பாக வந்த சொந்தக்காரர் ஒருவர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அண்ணன் பாதம் கொப்பளித்துவிட்டது, ஆற நாலு மாதம் ஆனது. ஒத்தடம் வேண்டவே வேண்டாம்.

படுக்கைப்புண் வராமலிருக்க, உட்கார்ந்திருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை நெஞ்சு தொடையில் படுகிற மாதிரி முன்னால் குனிந்து 2 நிமிடம் இருக்க வேண்டும். இதற்கும் கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதைவிடக் குனிவது நல்லது, தோள் மிச்சம். காலையும் ராத்திரியும் கண்ணாடி வைத்து பிட்டம், குதிகால், இடுப்பெலும்பைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால், மறையும்வரை அந்த இடத்தில் பாரம் விழவே கூடாது, பயிற்சியும் வேண்டாம்.

கால் மூட்டுகளைத் தினமும் மடக்கி நீட்ட வேண்டும், பலம் போடாமல். நடக்காத காலில் எலும்பு மெலிந்துவிடும், முரட்டுத்தனமாக வளைத்தாலே முறியும். கணுக்காலை முக்கியமாகக் கவனியுங்கள், பாதம் தொங்கிப்போகக் கூடாது. கழுத்தில் அடிபட்டு, மணிக்கட்டை மட்டும் தூக்க முடிகிறவருக்கு, மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்து விரல்களை நீட்டிவிடாதீர்கள். அந்த விரல்களின் இறுக்கம்தான் பிறகு டம்ளர் பிடிக்க உதவும். கால் வெட்டி வெட்டி இழுப்பது வழக்கத்தைவிட அதிகமானால் சிறுநீர்த் தொற்றோ புண்ணோ இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" பற்றிக் கேளுங்கள், 2021இல் தொடங்கிய திட்டம், அதில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். நாங்கள் ரொம்பத் தாமதமாகத்தான் கேட்டோம், நீங்கள் இந்த வாரமே கேளுங்கள். வசதிப்பட்டால் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே மறுவாழ்வுத் துறையைக் கட்டி எழுப்பிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, வீல்சேரில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். "கால் வந்துடுமா" என்று கேட்கிறவர்களிடம் அண்ணன் இப்போது இவரைப் பற்றித்தான் சொல்கிறார்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களம் வழுக்கும், மண்பாதையில் சக்கரம் புதையும். அந்த இரண்டு மாதமும் திண்ணையிலேயே டியூப் பயிற்சியும், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கொன்றாகப் பிடித்து 20 நிமிடம் காற்றில் மெதுவாகக் குத்துவதும்தான். அண்ணி கூடவே உட்கார்ந்து அவரும் குத்துவார்.