நாலு கார்டுக்கு மேல் ஒரு மெட்டு

பென்னாகரத்தில் என் வீட்டுக்குக் கீபோர்டு கற்க வரும் பிள்ளைகள் சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நாலு கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரங்களை) லேப்டாப்பில் சட்டென்று அடுக்கிவிடுகிறார்கள். மெட்டுப் போடு என்றால்தான் கை நின்றுவிடுகிறது. அப்புறம் மவுஸால் கட்டம் கட்டமாக நோட்டு வைக்கிறார்கள். அதைப் பாடிப் பார்த்தால் மூச்சு விட இடமே இருக்காது. அதனால் நான் முதலில் பாடத்தான் சொல்வேன்.

நான் பயன்படுத்துவது எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருள். வேகத்தை நிமிடத்துக்கு 90 தட்டு என்று வைத்து, ஒரு கார்டுக்கு நாலு தட்டு என்று திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். இப்போது ஒரு வரி வேண்டும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகும் பிள்ளைகளுக்காக நான் எழுதியது இது:

காவேரி வந்தாளே, பாறையெல்லாம் பூவாக

மெட்டை மறந்துவிட்டு, தாளத்தோடு சும்மா பேசிப் பாருங்கள். கா, வந், பா, பூ நாலும் ஒவ்வொரு கார்டின் முதல் தட்டில் தானாக விழும். அழுத்தமான அசை அழுத்தமான தட்டில் உட்கார்ந்துவிட்டால் பாதி மெட்டு முடிந்த மாதிரி. குறில்களை நடுவில் விரைவாகப் பாடிக்கொள்ளலாம்.

அந்த நாலு இடத்துக்கும் சுரம் தேட வேண்டும். சி-யை ஸ என்று வைத்தால் சி கார்டில் ஸ, க, ப. ஏ மைனரில் த, ஸ, க. எஃப்-இல் ம, த, ஸ. ஜி-யில் ப, நி, ரி. முதல் இரண்டு கார்டுக்கும் க பொது. ஆக கா, வந் இரண்டும் க-வில் நிற்கட்டும், பா ஸ-வுக்கு இறங்கட்டும், பூ ரி-க்கு ஏறட்டும். க, க, ஸ, ரி. இதுதான் எலும்புக்கூடு. இடையில் நிரப்ப மோகன ராகத்தின் ஸ, ரி, க, ப, த ஐந்தும் போதும். சி கார்டின் மேல் ம-வில் நீட்டினால் அது க-வோடு உரசும், நி-யில் நீட்டினால் ஸ-வோடு உரசும். மோகனத்தில் அந்த இரண்டும் இல்லை. ஆனால் ஜி ஓடும்போது ஸ-வில் நீட்டாதீர்கள், கார்டில் இருக்கும் நி-யோடு அது மோதும். தொட்டுவிட்டு நகர்ந்தால் சரி.

பாடிய பிறகு பதிவு. கணினியில் இணைக்கும் மிடி கீபோர்டு இல்லாவிட்டாலும் கணினி விசைப்பலகையிலேயே வாசிக்கலாம். கன்ட்ரோலும் டி-யும் (T) சேர்த்து அழுத்தினால் அந்த வசதி வரும், கீழ்வரிசை இசட் எழுத்து சி. மெட்டை அதே பேட்டர்னில் வேறு கருவியில் வையுங்கள். நோட்டுகளைக் கட்டத்தில் காட்டும் பியானோ ரோலில் ஆல்ட்டும் வி-யும் அழுத்தினால் கார்டு நோட்டுகள் பின்னால் மங்கலாகத் தெரியும். எந்த நோட்டு கார்டோடு ஒட்டுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். தாளம் தவறிய நோட்டுகளைக் கன்ட்ரோல், கியூ அழுத்திச் சீர்செய்யலாம். ஆனால் எல்லாவற்றையும் கட்டத்தில் இழுத்து நிறுத்திவிடாதீர்கள், பாட்டின் ஆட்டம் போய்விடும்.

வரி ரி-யில் முடிவதால் கேள்வி கேட்டதுபோல் தொங்கும். அது நல்லது, கேட்பவர் அடுத்த வரிக்குக் காத்திருப்பார். இரண்டாம் வரியில் நாலு இடத்துக்கும் ப, த, த, ப என்று மேலே போய்விட்டு, சி கார்டு திரும்பி வரும்போது ஸ-வில் இறங்கி நில்லுங்கள்.

இரண்டு வரிக்கு நடுவே கட்டாயம் இடைவெளி விடுங்கள். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் பாடுபவர் மூச்சு வாங்கும்போது முகவீணை என்ற சின்ன ஊதுகருவி அந்த வரியை வாங்கி வாசிக்கும். அதேபோல் அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழலோ நாதஸ்வரமோ இரண்டு மூன்று சுரம் பதில் சொன்னால் பாட்டு நிறைந்துவிடும்.

கடைசியாகச் சுருதி. சி-யை ஸ-வாக வைத்த இந்த ஒரு கட்டையில் தாழ்வாக இருக்கிறது என்று பாடுபவர் சொன்னால், எல்லா நோட்டையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்டோடு மேல் அம்பை இரண்டு முறை அழுத்துங்கள், இரண்டு கட்டைக்கு வந்துவிடும். கார்டையும் இதேபோல் ஏற்ற வேண்டும்.