சால்னா எலும்பு தின்ற நாய்க்கு வயிற்றால் போனால்

செங்கோட்டையில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் பயம். கேரள பார்டர் பக்கம் வாங்கி வந்த பரோட்டா, சால்னா, மென்று போட்ட கோழி எலும்பு எல்லாம் இலையோடு குப்பைவாளிக்குப் போகும், அதைக் கவிழ்க்க எங்கள் கருப்பனுக்கு ஐந்து நிமிஷம் போதும், திங்கள் விடிகாலை எழுந்து பார்த்தால் திண்ணையில் மஞ்சளாக வாந்தி, முற்றத்தில் தண்ணியாகக் கழிச்சல்.

பதறிப்போய் எதையாவது ஊட்டிவிடாதீர்கள். முதல் தடவை, வெறும் வயிறாச்சே என்று நான் பாலை ஊற்றினேன், பேதி இன்னும் அதிகமானதுதான் மிச்சம்.

முதலில் நாயைப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழையபடி சிவக்க வேண்டும். நாட்டு நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும், அப்போது கீழ் இமையை இழுத்து உள்பக்கம் வெளிறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஈறு காய்ந்து பிசுபிசுவென்று ஒட்டினாலோ, முதுகுத் தோலைக் கிள்ளி விட்டதும் அது சட்டென்று இறங்காமல் அப்படியே நின்றாலோ உடம்பில் நீர் வற்றிவிட்டது, டாக்டரிடம் போங்கள். கூப்பிட்டால் வாலாட்டுகிறது, ஈறும் ஈரமாக இருக்கிறது என்றால் ஒரு நாள் வீட்டிலேயே பார்க்கலாம்.

வளர்ந்த, மற்றபடி திடமான நாய்க்கு 12 மணி நேரம் சாப்பாடு வேண்டாம். குட்டியைப் பட்டினி போடக் கூடாது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். தண்ணீரைச் சட்டி நிறைய வைத்தால் மடமடவென்று குடித்து அப்படியே கக்கும், அதனால் அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று ஸ்பூன். வாந்தி நின்ற பிறகு குழைந்த சோறு, தோலும் எலும்பும் எடுத்து வேகவைத்த கோழி, கையளவு. உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம். ரசச்சோறு போடு என்று பாட்டி சொல்வாள், ஆனால் பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சால்னாவில் அதுவும் இருக்கிறது, எண்ணெயும் மிதக்கிறது. அந்தக் கொழுப்பால் கணையம் வீங்கினால், நாய் முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வலியில் நிற்கும். அது வீட்டு வைத்தியத்தில் அடங்காது.

நமக்குக் கொடுக்கும் பேதி மாத்திரை, பாராசிட்டமால் இரண்டையும் தொடாதீர்கள். உப்புத்தண்ணி ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம், உடைந்த எலும்பு திரும்பி வரும்போது தொண்டையைக் கிழிக்கும், உப்பே விஷமாகவும் ஆகும்.

கழிச்சலில் ரத்தம், தார் மாதிரி கறுப்பு, குடித்த தண்ணியும் தங்காத வாந்தி, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். வயிறு உப்பி, ஓங்கரித்து ஓங்கரித்து ஒன்றுமே வரவில்லை என்றால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கும் அல்லது இரைப்பையே சுழன்றிருக்கும், நடுராத்திரியானாலும் ஆட்டோ பிடியுங்கள். தடுப்பூசி போடாத குட்டிக்கு ரத்தபேதி என்றால் பார்வோ என்ற தொற்று வைரஸ் நோய் என்றே நினைத்துக் கிளம்புங்கள், மற்ற நாய்களை அதன் பக்கத்தில் விடாதீர்கள். அப்புறம் குற்றாலச் சாரல் மாசத்தில் தேங்கிய தண்ணியைக் குடித்த நாய் காய்ச்சலோடு வாந்தி எடுத்து, கண்ணும் மஞ்சளித்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அது மூத்திரம் வழியாக நமக்கும் ஒட்டும், கையுறை போடாமல் கழுவாதீர்கள்.

போகும்போது கழிச்சலைக் கொஞ்சம் பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம், வாளியில் மிச்சம் கிடந்த எலும்பையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, என்ன தின்றது என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.